ஊதா மூடிக் குழாய்

ரத்தம் எடுப்பது என் வேலை. சனிக்கிழமைகளில் சிங்கப்பூரில் ஏதாவது ஒரு சமூக மன்றத்தில் சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். சாம்பல் மூடிக் குழாய் வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு. அதிலுள்ள சோடியம் ஃபுளோரைடு, எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று தீர்க்காமல் தடுக்கும். ஊதா மூடி எச்பிஏ1சிக்கு, அதாவது சர்க்கரையின் மூன்று மாதச் சராசரிக்கு. ரத்தப் பிரிவு பார்க்கவும் அதே ஊதாதான்.

போன மாதம் ஒரு அங்கிள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே, "எனக்கு ஓ குரூப்மா, சர்க்கரையெல்லாம் வராது" என்றார். வாட்ஸப்பில் வந்ததாம். பக்கத்தில் அவர் மனைவி: "நான் பி. எப்படியும் வரத்தான் போகுது, எனக்கு எதுக்கு ஊசி?"

அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். பிரான்சில் 82,104 பெண்களை 1990 முதல் 2008 வரை கவனித்த ஆய்வு 2014 இறுதியில் வெளியானது. ஓ பிரிவைவிட ஏ பிரிவினருக்கு 10 விழுக்காடும், பி பிரிவினருக்கு 21 விழுக்காடும் இரண்டாம் வகை நீரிழிவு வாய்ப்பு கூடுதல். ஆனால் அத்தனை பேரில் நீரிழிவு வந்தது 3,553 பேருக்கு. நூற்றுக்கு நாலு பேர் என்று வையுங்கள். அதில் 21 விழுக்காடு கூடினால் ஐந்துகூட ஆகாது.

நம் கணக்கு வேறு. 2010 தேசிய சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, சீனர்களில் 9.7. நாம் எல்லாருமே பி என்று வைத்துக்கொண்டாலும் இந்த இடைவெளி நிரம்பாது. சோறு, இடுப்புச் சதை, அப்பா அம்மா கொடுத்த மரபு என்று வேறு எங்கோதான் தேட வேண்டும்.

இதையெல்லாம் வரிசையில் நிற்பவரிடம் சொல்ல முடியுமா? பையிலிருந்த என் சர்க்கரை மாத்திரை, மெட்ஃபார்மின் அட்டையை எடுத்துக் காட்டினேன். "நானும் ஓதான் அங்கிள்."

ஆண்டி சிரித்துவிட்டார். அவர் கையும் மேசைக்கு வந்தது.

"காலையில எதுவும் சாப்பிடலையே அங்கிள்?"

"சாப்பிடலைமா. கீழே ஒரு தே குடிச்சேன், அவ்வளவுதான்."

"கெட்டிப்பால் போட்டா?"

"பின்ன?"

சாம்பல் மூடியைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஊதாவை எடுத்தேன். அதற்குப் பட்டினி வேண்டாம்.