ஆர்க்கியாவின் ஆர்.என்.ஏ இணைப்பு நொதிகள்: அடுத்த ஆண்டு ஹானர்ஸ் எழுதுவோருக்கு

டிசம்பர் முடிவுகள் வெளிவந்துவிட்டன. உயிர்வேதியியல் ஹானர்ஸில் முதல் வகுப்பில் தேறிய நிம்மதியோடு இதை எழுதுகிறேன். நியூக்ளிக் அமிலத் தாளில் பலரும் தொடாமல் விட்ட நெடுவினாவை, அதாவது ஆர்க்கியாவில் (பாக்டீரியாவைப் போல் உட்கருவற்ற, ஆனால் தனி வகையான ஒற்றைச்செல் உயிரிகளில்) ஆர்.என்.ஏ துண்டுகளை இணைக்கும் நொதிகளின் அமைப்பையும் செயலையும் விளக்கும் வினாவை, நான் தேர்ந்தெடுத்தேன். வாய்மொழித் தேர்விலும் வெளித்தேர்வாளர் அதையே பிடித்துக்கொண்டு கேட்டார். டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் இதே தாளை எழுதவிருக்கும் நம் பிள்ளைகள் இந்த வினாவைக் கண்டு ஒதுங்கக் கூடாது என்பதே என் விருப்பம்.

எனக்குக் கைகொடுத்த முறை ஒன்றுதான்: நொதியின் பெயரை எழுதுவதற்கு முன் முனைகளை வரையுங்கள் (இழையின் தொடக்கம் 5′ முனை, முடிவு 3′ முனை). இடப்பக்கத் துண்டின் 3′ முனையில் என்ன இருக்கிறது, வலப்பக்கத் துண்டின் 5′ முனையில் என்ன இருக்கிறது, இணைந்த பின் நடுவில் நிற்கும் பாஸ்பேட் எங்கிருந்து வந்தது ஆகிய மூன்றையும் வரைந்துவிட்டால் நொதியின் வகை, அது செலவிடும் நியூக்ளியோடைடு, வினைமையத்தில் எந்த அமினோ அமிலம் முதலில் தாக்குகிறது என்பவை எல்லாம் அந்தப் படத்திலிருந்தே வந்துவிடும். நான் எழுதிப் பார்த்தே கற்பவள். குழுவாக அமர்ந்து விவாதிப்பது எனக்கு ஒத்துவராது. ஆகவே இந்தப் பாடத்தைத் தனியாகவும் கையால் வரைந்தும் படியுங்கள் என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

முதல் வகை, ஏடிபி (ATP) என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவிடும் லைகேஸ், அதாவது இணைப்பு நொதி. வகுப்புக் குறிப்புகளில் இதற்கு டி4 ஃபேஜ் என்ற பாக்டீரியா வைரஸின் நொதி மட்டுமே இருந்தது. அதை 1972-இல் விவரித்தவர்கள் சில்பர், மாலதி, ஹர்விட்ஸ் ஆகிய மூவர். அந்த ஆசிரியர் வரிசையில் மாலதி என்ற பெயரைக் கண்டது எனக்குத் தனி மகிழ்ச்சி தந்தது. ஆர்க்கியாவின் எடுத்துக்காட்டுகளை நீங்களே தேடிச் சேர்க்க வேண்டும். மெத்தனோதெர்மோபாக்டர் தெர்மாட்டோட்ரோபிகஸ், பைரோகாக்கஸ் அபிஸ்ஸி ஆகியவற்றின் லைகேஸ்கள் 2008-இல் விவரிக்கப்பட்டன. இரண்டும் ஒரே வகைத் துணையலகுகள் இரண்டு சேர்ந்த இருபடிகள். இரண்டும் ஒற்றை இழை ஆர்.என்.ஏ-வின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கக்கூடியவை. இங்கே 3′ முனையில் ஹைட்ராக்சிலும் 5′ முனையில் பாஸ்பேட்டும் இருக்கும். நொதியின் லைசின் என்ற அமினோ அமிலம் ஒன்று ஏடிபியைத் தாக்கி அதன் பகுதியான ஏஎம்பியை (AMP) தன்மேல் ஏற்றுகிறது. அந்த ஏஎம்பி பிறகு 5′ பாஸ்பேட்டுக்கு மாறுகிறது. இறுதியில் 3′ ஹைட்ராக்சில் தாக்க, ஏஎம்பி விலகுகிறது. இதில் கிளர்வூட்டப்படுவது 5′ முனை என்பதை அடிக்கோடிடுங்கள்.

பயன்பாட்டைக் கேட்டால் மெத்தனோதெர்மோபாக்டர் நொதியையே எழுதுங்கள். அதன் 97-ஆம் இடத்து லைசினை அலனினாக மாற்றினால் நொதியால் ஏடிபியைக் கொண்டு தன்னைத்தானே ஏற்றிக்கொள்ள முடியாது. முன்கூட்டியே ஏஎம்பி ஏற்றப்பட்ட இழையை மட்டும் இணைக்கும். வேண்டாத வளையங்களும் தொடர்ச்சங்கிலிகளும் இதனால் குறைகின்றன. 65 பாகை செல்சியஸில் வேலை செய்வதால் ஆர்.என்.ஏ-வின் மடிப்புகளும் தளர்ந்துவிடுகின்றன. நுண் ஆர்.என்.ஏ நூலகங்கள் (வரிசையறிவதற்கான தொகுப்புகள்) தயாரிக்க இது விரும்பப்படுவதற்கு இவையே காரணம்.

இரண்டாம் வகை லைகேஸான ஆர்டிசிபிதான் (RtcB) இந்த வினாவின் உயிர். மதிப்பெண்ணும் இங்கேதான் இருக்கிறது. அழகும் இங்கேதான் இருக்கிறது. ஆர்க்கியாவின் கடத்து ஆர்.என்.ஏ-வில் (tRNA) வெட்டி நீக்கப்படும் பகுதியான இன்ட்ரான் இருக்குமிடம் புடைப்பு-சுருள்-புடைப்பு என்ற வடிவத்தால் அடையாளம் காணப்படுகிறது. வெட்டும் நொதி அங்கே வெட்டும்போது ஓர் எக்ஸானின் (எஞ்சும் பகுதியின்) முடிவில் 2′,3′-வளைய பாஸ்பேட்டையும் மற்றதன் தொடக்கத்தில் 5′ ஹைட்ராக்சிலையும் விட்டுச்செல்கிறது. மேலே சொன்ன ஏடிபி லைகேஸுக்கு இந்த முனைகள் நேர்மாறானவை. ஆகவே அதனால் இவற்றை அப்படியே இணைக்க இயலாது. இந்த ஒரு வாக்கியத்தை விடைத்தாளில் எழுதிய பிறகே ஆர்டிசிபியை அறிமுகப்படுத்துங்கள்.

பைரோகாக்கஸ் ஹோரிகோஷியின் ஆர்டிசிபி படிகக் கட்டமைப்பு 2006-இல் வெளிவந்தபோது, அதன் மடிப்பு புதியது என்பது தெரிந்ததே தவிர அது செய்யும் வேலை தெரியவில்லை. 2011-இல்தான் மெத்தனோபைரஸ் காண்ட்லெரி, எஷெரிக்கியா கோலை, மனிதன் ஆகிய மூன்றிலும் இதுவே இணைப்பு நொதி என்று தனித்தனிக் குழுக்கள் காட்டின. வினைமையத்தில் இரண்டு மாங்கனீசு அயனிகளை சிஸ்டீன், அஸ்பார்டேட், ஹிஸ்டிடின் எச்சங்கள் (புரதச் சங்கிலியின் அமினோ அமிலங்கள்) பிடித்து வைத்திருக்கின்றன. வளைய பாஸ்பேட் முதலில் நீரால் திறந்து 3′ பாஸ்பேட்டாகிறது. ஹோரிகோஷி நொதியில் 404-ஆம் எச்சமான ஹிஸ்டிடின் ஜிடிபியை (GTP) தாக்கி ஜிஎம்பியை (GMP) ஏற்றுக்கொள்கிறது. அந்த ஜிஎம்பி 3′ பாஸ்பேட்டுக்கு மாறுகிறது. பிறகு 5′ ஹைட்ராக்சில் தாக்க, ஜிஎம்பி வெளியேறுகிறது. லைசினுக்குப் பதில் ஹிஸ்டிடின், ஏடிபிக்குப் பதில் ஜிடிபி, 5′ முனைக்குப் பதில் 3′ முனை என்று மூன்று மாற்றங்களையும் அருகருகே இரண்டு படங்களாக வரைந்தேன். வாய்மொழித் தேர்விலும் அதே படங்களைத்தான் பலகையில் வரைந்தேன்.

வெளித்தேர்வாளர் கேட்ட கடினமான கேள்வி இது: பிளவுத்தளத்துப் பாஸ்பேட்டுக்குக் கதிரியக்கக் குறியீடு இட்டால், யீஸ்டிலும் ஆர்க்கியாவிலும் இறுதியில் அது எங்கே இருக்கும்? ஆர்க்கியாவில் அது இணைப்பிலேயே நிற்கும். யீஸ்டிலோ வளையம் திறந்து 2′ பாஸ்பேட்டாகிவிடுகிறது. இணைப்புக்கான புதிய பாஸ்பேட் ஜிடிபியிலிருந்து வருகிறது. பழைய பாஸ்பேட்டை மற்றொரு நொதி என்ஏடி (NAD) என்ற துணை மூலக்கூறுக்கு மாற்றி அகற்றுகிறது. ஆகவே குறியீடு கடத்து ஆர்.என்.ஏ-வை விட்டே போய்விடும். முனைகளை வரைந்து பழகியிருந்ததால் இதை நான் நினைவிலிருந்து தேட வேண்டியிருக்கவில்லை. பலகையில் இருந்த படத்தில் விரல் வைத்துக் காட்டினேன்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் தேர்வுகளும் தீபாவளியும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் வருகின்றன. தென்னாப்பிரிக்காவில் தீபாவளி பொது விடுமுறையன்று. தேர்வு அட்டவணை போடுவோரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. இது எனக்கு இன்றும் வருத்தமே. அதனால் கடினமான பகுதிகளைப் புரட்டாசியிலேயே முடித்துவிட்டேன். விரத மாதத்தில் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் விருந்தும் விசேஷமும் இல்லை. ஆயா விளக்கேற்றும் நேரத்தில் எழுந்து படம் வரைய அமர்ந்துவிடுவேன்.

கடைசி வாரத்தில் பார்க்க வேண்டியவை:

- ஆர்க்கீஸ் என்ற சிறு துணைப்புரதம். இது ஆர்டிசிபியில் ஜிஎம்பி ஏறுவதை விரைவுபடுத்துகிறது. ஏடிபி போன்ற பிற நியூக்ளியோடைடுகளையும் பயன்படுத்த வைக்கிறது.
- லிக்டி எனப்படும் 2′-5′ லைகேஸ். நியூக்ளியோடைடு எதையும் செலவிடாது; வினை எளிதில் பின்னோக்கியும் செல்லும். இரண்டு வரி போதும்.
- நானோஆர்க்கியம் ஈக்விட்டன்ஸின் பிளவுபட்ட கடத்து ஆர்.என்.ஏ மரபணுக்கள். இரு பாதிகளும் தனித்தனியே படியெடுக்கப்பட்டுப் பின்னர் இணைக்கப்படுகின்றன.
- ஆர்டிசிஏ லைகேஸ் அன்று. அது 3′ பாஸ்பேட்டை வளையமாக்கும் நொதி. பெயர் ஒற்றுமையால் குழம்ப வேண்டாம்.

கட்டமைப்புக் கோப்புகளைக் கணினியில் சுழற்றிப் பார்ப்பதில் நெடுநேரம் செலவிட வேண்டாம். ஆர்டிசிபியின் வினைமையத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்து, இரண்டு மாங்கனீசுகளும் ஜிஎம்பி ஏறிய ஹிஸ்டிடினும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதை மனத்தில் பதித்துக்கொண்டு, மறுபடியும் தாளுக்குத் திரும்பி முனைகளை வரையுங்கள்.