ரிப்போர்ட்டில் இல்லாத வலி

அடிவயிற்று வலிக்காக என்னிடம் பிசியோதெரபிக்கு அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் தடித்த ஃபைலோடுதான் வருகிறார்கள். அல்ட்ராசவுண்டு, எம்.ஆர்.ஐ., சிறுநீர்ப் பரிசோதனை எல்லாமே நார்மல். நிம்மதி தர வேண்டிய அந்தச் சொல்லே அவர்களை வாட்டுகிறது. வீட்டில் உள்ளவர்களே நம்ப மறுக்கிறார்கள்.

வலி உண்மை என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். கட்டி, கல், வீக்கம் போன்றவற்றை ஸ்கேன் காட்டும். கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், மேலோட்டமாகப் படர்ந்திருந்தால் அதில் பெரும்பாலும் தப்பிவிடும். தசையின் இறுக்கமும் நரம்பின் எரிச்சலும் அப்படித்தான்.

ஒரு பெண் நாற்காலி நுனியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. சாயங்காலம் ஆனால் வலி கூடும், எழுந்து நடந்தால் குறையும். பேசும்போதே வயிற்றை உள்ளிழுத்து, மூச்சைப் பிடித்து வைத்திருந்தார். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடலைக் கீழிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைகளை அவர் சம்மதத்தோடு உள்ளிருந்து பரிசோதித்தேன். வலப்பக்கம் ஓரிடத்தில் விரலை லேசாக அழுத்தியதும், "இதேதாங்க, இந்த வலிதான்" என்றார். இத்தனை காலம் யாரும் அங்கே தொட்டுப் பார்க்கவில்லை.

ஏதோ வீடியோவைப் பார்த்து அவர் தினமும் இந்தத் தசைகளைச் சுருக்கிப் பிடித்து விடும் கீகல் பயிற்சி செய்துவந்தார். தளர்ந்த தசைக்கு அது நல்லது. ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் சுருக்கினால் வலி கூடத்தான் செய்யும். அதை நிறுத்தச் சொன்னேன். மூச்சை வயிறு வரை இழுத்தால் இடுப்புத்தளம் தானாகவே கீழிறங்கும். அந்தத் தளர்வை உணரவே அவருக்குச் சில வாரங்கள் பிடித்தன. அப்புறம் மலச்சிக்கலைக் கவனித்தோம், இடையிடையே எழுந்து நிற்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம்.

ஆண்களுக்கும் இது வருகிறது. புராஸ்டேட் தொற்று என்று ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையாமல் வருகிறவர்கள் உண்டு. பரிசோதனையில் கிருமியே இருந்திருக்காது.

"எல்லாம் மனசுதான்" என்று இவர்களிடம் சொல்லப்படுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. மன அழுத்தம் தசையை இறுக்கும், சரி. அதனால் வலி கற்பனையாகிவிடாது. மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகி, சின்னத் தொடுதலைக்கூட வலியாக உணரத் தொடங்கலாம். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017-இல் இந்த வகைக்கு 'நோசிபிளாஸ்டிக் வலி' என்று பெயரே வைத்திருக்கிறது.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு இருந்தால் மட்டும் பழைய ரிப்போர்ட்டை நம்பி இருக்கக் கூடாது; உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வருகிறவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொல்கிறேன். சிறுநீர்ப்பை நிறையும்போது வலிக்கிறதா, கழித்ததும் குறைகிறதா? மாதவிடாய்க்கு முன்பா, உடலுறவிலா, மலம் கழிக்கும்போதா? அந்தப் பெண் எழுதிக் கொண்டுவந்த இரண்டு பக்கங்களை வைத்துத்தான் அடுத்த கட்ட சிகிச்சையை முடிவு செய்தோம். இப்போதும் சில நாட்களில் அவருக்கு வலி வருகிறது. வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரியும்.