துட்டைத் தொடாதே

பள்ளியில் பிரெஞ்சு படித்து, வீட்டில் கிரியோல் பேசும் மொரீசியஸ்காரரையும் 'கிரிஸ்பி' என்ற சொல் கொஞ்சம் இடறிவிடும். பாரிஸ் திருடர்களின் கொச்சையில் அதற்குப் பணம் என்று பொருள், நம் 'துட்டு' மாதிரி. ஜாக் பெக்கேர் இயக்கிய 'துஷே பா ஓ கிரிஸ்பி' (1954) முழுக்க இந்தப் பேச்சுதான். பிரெஞ்சு எழுத்தையே அடியில் ஓடவிட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் பாதி ருசி போய்விடும்.

ஓர்லி விமான நிலையத்தில் திருடன் மாக்ஸ் அடித்த தங்கம்: எட்டுக் கட்டி, தலா 12 கிலோ, மொத்தம் 96. கணக்குப் போட்டால் அத்தனையும் ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னுக்குள் அடங்கிவிடும், ஆனால் ஒரு ஆளால் தூக்க முடியாது. ஒளிப்பது சுலபம், விற்பதுதான் பாடு. திருட்டுச் சரக்கு வாங்கும் மாமா பணம் புரட்டும்வரை மாக்ஸ் பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் கூட்டாளி ரிட்டோன், காதலி ஜோசியிடம் (ழான் மொரோ) பெருமைக்கு உளறிவிடுகிறான். அவள் வழியாகச் செய்தி எதிரி தாதா ஆஞ்செலோவுக்குப் போகிறது. ஆஞ்செலோவாக வரும், மல்யுத்த வீரராக இருந்த லீனோ வெந்துராவுக்கு இதுதான் முதல் படம் என்றால் நம்ப முடியாது.

மாக்ஸாக வரும் ஜான் கபேனுக்கு அப்போது ஐம்பது நெருங்கிவிட்டது. நம் ஊர் நாயகர்கள் அந்த வயதில் விக் வைத்துக் கல்லூரிக்குப் போவார்கள். இவரோ நள்ளிரவானால் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்கிறார். படத்தின் உயிர் அங்கேதான். யாருக்கும் தெரியாத தன் வீட்டுக்கு ரிட்டோனைக் கூட்டிவந்து, ரஸ்க் ரொட்டியில் ஈரல் பதே தடவிக் கொடுக்கிறார், வெள்ளை ஒயின் ஊற்றுகிறார். பிறகு பைஜாமா, போர்வை, பல் துலக்கும் பிரஷ். ரிட்டோன் கண்ணாடியில் தன் தாடைச் சதையைத் தடவிப் பார்க்கிறான். எந்த அவசரமும் இல்லாமல் பெக்கேர் இதைக் காட்டியதால்தான், ரிட்டோனை ஆஞ்செலோவின் ஆட்கள் கடத்தியபின் தங்கத்தைக் கொடுக்கலாமா என்று மாக்ஸ் கணக்குப் பார்க்கும்போது நமக்கு வயிறு கலங்குகிறது.

இரவுச் சாலையில் நடக்கும் கைமாற்றமும் கையெறி குண்டும் கச்சிதம். பெண்களைச் சர்வசாதாரணமாக அறைவதைத்தான் இன்று பார்க்கச் சகிக்கவில்லை.

ழான் வியெனேரின் ஹார்மோனிகா மெட்டு ஜூக்பாக்ஸில் மறுபடி மறுபடி வரும். கடைசி முறை அது ஒலிக்கும்போது கபேனின் முகத்தை மட்டும் கவனியுங்கள். வெனிஸ் விழாவில் அந்த ஆண்டு சிறந்த நடிகர் விருது அவருக்குத்தான்.