கூலாய் வண்டியின் கார்புரேட்டர்: ஒரு நாட்குறிப்பு

1 நவம்பர் 2025, சனி, கூலாய்

மாமாவின் ஏடிவி (கரடுமுரடான பாதைகளுக்கான நான்கு சக்கர வண்டி), 348 சிசி யமஹா கிரிஸ்லி. சிங்கப்பூர்ச் சாலைகளில் இவ்வகை வண்டிக்கு அனுமதியில்லை. ஆகவே கடற்பாலத்தைத் தாண்டி, ஜொகூரில் கூலாய்ப் பக்கம் உள்ள அவருடைய செம்பனைத் தோட்டத்திற்குப் போனால்தான் எனக்கு அதைத் தொட வாய்க்கும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் ஒரு திருகைத் திருப்பிவிட்டு அதன் பலனை அடுத்த சனிக்கிழமை வரை அறிய முடியாமல் இருப்பதால், போன மாதம் எத்தனை சுற்று திருப்பினேன் என்பதே மறந்துபோயிற்று. அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

இன்று கண்டவை: குளிர்ந்த நிலையில் சோக் இழுத்தால் எஞ்சின் உடனே பிடிக்கிறது. சூடேறிய பின் கட்டைவிரல் முடுக்கியை விட்டாலும் எஞ்சின் வேகம் சட்டென்று இறங்காமல் சற்று நேரம் தொங்கி நிற்கிறது. இறக்கத்தில் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது. முடுக்கியைத் தொட்ட மாத்திரத்தில் ஒரு கணம் திணறுகிறது. பெட்ரோல் போதாமல் காற்று மிகுந்த கலவையின் அடையாளங்கள் இவை. "ஜெட்டுதான் அடைச்சிருக்கும், தம்பி" என்றார் மாமா. ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைக் குழாய். நானும் அதையே நினைத்தேன். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, வாசனை போகும்வரை வெயிலில் வைத்து, பையில் போட்டுக்கொண்டேன். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள், பார்த்தார்கள், போகச் சொன்னார்கள்.

2 நவம்பர், ஞாயிறு, ஈசூன், சிங்கப்பூர்

சமையலறை மேசையில் தமிழ் முரசைப் பரப்பி வேலையைத் தொடங்கினேன். இந்தக் கார்புரேட்டர் மிகுனி பிஎஸ்ஆர் வகை. இதன் திருகுகள் ஜப்பானியத் தரத்தில் செய்யப்பட்டவை. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரணக் குறுக்குத் தலைத் திருப்புளியை வைத்து அழுத்தித் திருப்பினால் அது நழுவி, திருகின் தலையைச் சிதைத்துவிடும். முன்பு யாரோ இரண்டைச் சிதைத்திருக்கிறார்கள்.

பெட்ரோல், காற்று விகிதத்தை மாற்றும் கலவைத் திருகைக் கழற்றுமுன் அதை மெல்ல உள்ளே திருப்பி, அடி தொடும்வரை எண்ணினேன்: இரண்டே முக்கால் சுற்று. அழுத்தி இறுக்கினால் அதன் கூரிய முனை துவாரத்தைக் கெடுத்துவிடும் என்பதால் விரல் நுனியால்தான் திருப்பினேன். இந்த வகையில் இத்திருகு எஞ்சின் பக்கம் இருக்கிறது. வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். காற்று வடிகட்டிப் பக்கம் திருகு உள்ள கார்புரேட்டர்களில் இது தலைகீழாக நடக்கும் என்பதைச் சிலர் சொல்லாமலே அறிவுரை வழங்கிவிடுகிறார்கள். திருகின் நுனியில் எள்ளளவு ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அது தரையில் விழுந்து, அரை மணி நேரம் வீட்டில் யாரையும் நடக்கவிடவில்லை.

முடுக்கியைத் தொடாதபோது பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துளை பாதி அடைத்திருந்தது. பழைய பெட்ரோல் ஆவியாகி மிஞ்சும் பிசின் அது. மின்கம்பியிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி, துளையில் ஓட்டினேன். செம்பு பித்தளையைவிட மென்மையானது என்பதால் துளையைப் பெரிதாக்காது. வெற்றிட அறையின் ரப்பர்ச் சவ்வைச் சன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை. மிதவையின் உயரம் சரி.

ஒன்று மட்டும் விசித்திரம். முடுக்கினால் மேலெழுந்து பெட்ரோலுக்கு வழிவிடும் ஊசியின் தலைக்கு அடியில் இரண்டு மெல்லிய வாஷர்கள் இருந்தன. தொழிற்சாலையில் போட்டவை அல்ல. ஊசியைச் சற்றே உயர்த்தி, நடு வேகத்தில் பெட்ரோலைக் கூட்டுவதற்காக யாரோ போட்டது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது என்று முடிவு செய்திருந்ததால், அவற்றை அப்படியே விட்டேன்.

5 நவம்பர், புதன், ஈசூன்

இணையக் காணொளிகளில் பாதி, மலையேறினால் ஜெட்டை மாற்று, பனிக்காலம் வந்தால் ஜெட்டை மாற்று என்பவை. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் கலவை கொழுத்துவிடும், அதாவது பெட்ரோல் மிகும். குளிரில் அடர்த்தி கூடுவதால் மெலிந்துவிடும். நியாயம்தான். நமக்கோ புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டர், கூலாயும் சமவெளி, நவம்பருக்கும் மே மாதத்திற்கும் உள்ள வெப்ப வேறுபாடு ஓர் ஊதல்காற்றுக்கு ஈடாகாது. வானிலையைக் குறை சொல்லித் தப்பிக்கும் வசதி நமக்கு இல்லை.

8 நவம்பர், சனி, கூலாய்

பொருத்தினேன். திணறல் குறைந்தது, வேகம் தொங்கி நிற்பது மட்டும் போகவில்லை. எஞ்சினை நன்கு சூடாக்கி, பிளக் கம்பியில் எஞ்சின் வேகம் காட்டும் மலிவான சுற்றுமானி ஒன்றைச் சுற்றிவிட்டு, எஞ்சின் வேகம் உச்சம் தொடும் இடத்தைத் தேடிக் கலவைத் திருகைக் கால் கால் சுற்றாக வெளியே திருப்பினேன். மூன்றரைச் சுற்று தாண்டியும் வேகம் ஏறிக்கொண்டே போயிற்று. மூன்று சுற்றுக்கு மேல் கேட்டால் பைலட் ஜெட் சிறிது, ஒன்றுக்குக் கீழே நின்றால் பெரிது என்பது பொது விதி. ஆகவே ஒரு படி பெரிய ஜெட் வாங்குவதென்று தீர்மானித்தேன்.

12 நவம்பர், புதன், உபி

வேலை முடிந்து மோட்டார்சைக்கிள் உதிரிபாகக் கடைக்குப் போனேன். சீனப் பெரியவர் ஒருவர். 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு இங்கே சாலையில் ஓட முடியாது. ஜெட் கேட்டு வருபவர்களும் அத்தோடு குறைந்துவிடுவார்கள் என்றார். என் குறிப்பேட்டை வாங்கி எண்களைப் பார்த்தவர், ஜெட்டை எடுக்காமல், "கெத்தா பார்த்தாயா?" என்று மலாயில் கேட்டார். கெத்தா என்றால் ரப்பர். கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர்க் குழாயைச் சொன்னார். கழற்றும்போது அது கையோடு வந்தது, திரும்பப் பொருத்தினேன், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு வா, பிறகு ஜெட் தருகிறேன் என்று அனுப்பிவிட்டார். விற்பனையை மறுக்கும் கடைக்காரரை நான் பார்ப்பது இதுதான் முதல் முறை.

15 நவம்பர், சனி, கூலாய்

ரப்பரில் காற்று கசிகிறதா என்று அறிய, எரியும் திரவத்தைச் சூடான எஞ்சின்மேல் தெளிப்பார்கள். நான் மாமியின் ஆர்க்கிட் செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டியை எடுத்துக்கொண்டேன். முடுக்கியைத் தொடாமல் எஞ்சின் நிலை வேகத்தில் ஓடும்போது, ரப்பரின் மேற்புறத்தில் தெளித்தபோது ஒன்றுமில்லை; அடிப்புறத்தில் தெளித்த உடனே ஓசை மாறி, வேகம் தடுமாறியது. கழற்றி வளைத்துப் பார்த்தால், வளையப் பட்டி இறுகும் இடத்தில் அரை வட்டத்திற்கு வெடிப்பு. கார்புரேட்டர் வழியே வராத, அளக்கப்படாத காற்று அந்த வழியாக நுழைந்துகொண்டிருக்கிறது. அதை ஈடுசெய்யத்தான் யாரோ ஊசியின் கீழ் வாஷர் போட்டிருக்க வேண்டும். நானும் திருகை வெளியே திருப்பி அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

21 நவம்பர், வெள்ளி, உபி

கடையில் சொல்லிவைத்த புதிய ரப்பர் வந்துவிட்டது. வாங்கினேன். ஜெட் வாங்கவில்லை.

22 நவம்பர், சனி, கூலாய்

புதிய ரப்பரைப் பொருத்தி, திருகை இரண்டு சுற்றில் வைத்துத் தொடங்கினேன். முடுக்கியை விட்டவுடன் எஞ்சின் வேகம் இறங்கியது, வெடிப்பு நின்றது. இரண்டேகாலில் வேகம் உச்சம் தொட்டது. அங்கே நிறுத்தி, நிலை வேகத் திருகால் நிமிடத்துக்கு 1500 சுழற்சிக்கு இறக்கினேன்.

ஆனால் எதிர்பார்த்தபடியே நடு வேகம் கெட்டது. அரை முடுக்கில் எஞ்சின் கனத்துக் குமுறிற்று. தோட்டத்துச் செம்மண் பாதையில் அதே முடுக்கில் ஓட்டி, சட்டென்று எஞ்சினை அணைத்து, உருண்டு நின்ற பிறகு பிளக்கைக் கழற்றினேன்: கரி, பெட்ரோல் மிகுதியின் அடையாளம். கால் முடுக்கிலிருந்து முக்கால் வரை ஆட்சி செய்வது ஊசிதான். மெயின் ஜெட்டுக்கு அதற்கு மேல்தான் வேலை. எனவே இரண்டு வாஷர்களையும் எடுத்தேன். இப்போது மேட்டில் லேசான இழுபறி. ஒன்றைத் திரும்பப் போட்டேன். பிளக் வெளிர் பழுப்புக்கு வந்தது. பழக்குலைகள் ஏற்றிய இழுவண்டியோடு மாமா ஒரு சுற்று போய்வந்து, ஒன்றும் சொல்லாமல் இன்னொரு சுற்று போனார்.

23 நவம்பர், ஞாயிறு, ஈசூன்

பதிவு: கலவைத் திருகு இரண்டேகால் சுற்று; வாஷர் ஒன்று; பைலட், மெயின் ஜெட்டுகள் பழையவையே. வண்டியை நிறுத்தும் முன் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் எஞ்சியிருப்பது எரிந்து தீரும்வரை ஓடவிடும்படி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். வால்வு இடைவெளியை எல்லாவற்றுக்கும் முன்னால் அளந்திருக்க வேண்டும், இன்னும் அளக்கவில்லை. அதற்கு எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதால், அடுத்த சனிக்கிழமை காலை மாமா வண்டியை எடுப்பதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.