வீராவின் பழுப்பு ரிம்: முன்பக்கம் முடிந்தது

என் பழைய புரோட்டோன் வீரா காரின் முன்பக்க ரிம் பழுப்பேறிக் கிடந்தது; புதுச் சாயம் அடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பட்டர்வொர்த்தில் டயர் கடை வைத்திருக்கும் அண்ணன் தடுத்தார். "தம்பி, பின்னால உள்ள ரிம்மைப் பாருங்க, நல்லாத்தானே இருக்கு? முன்னாடி மட்டும் பழுப்புன்னா அது பிரேக் தூசி. சாயத்தை விடுங்க, முதல்ல மருந்து அடிச்சுப் பாருங்க."

யோசித்தால் சரிதான். என் வண்டியில் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் மூடிய டிரம் பிரேக். டிரம்மில் தேயும் தூள் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். டிஸ்க்கில் தேய்வது சூட்டோடு பறந்து ரிம்மில் ஒட்டுகிறது. அதிலுள்ள இரும்புத் துகள், சாயத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில் பதிந்து துருவேறினால் வருவதுதான் இந்தப் பழுப்பு. சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

இரும்புத் தூசி கரைக்கும் மருந்தை, ரிம் நன்றாக ஆறியபின் நிழலில் வைத்து அடித்தேன். சற்று நேரத்தில் ஊதா நிறத்தில் ஒழுக ஆரம்பித்தது. நாற்றம் குடலைப் பிடுங்கும்! சலூனில் முடி சுருட்டப் போடும் மருந்தின் அதே வாடை. இரண்டிலும் இருப்பது தியோகிளைகோலேட் என்ற ரசாயனம்தான். காயவிடாமல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அமிலம் கலந்த மலிவு மருந்து பக்கமே போகாதீர்கள்; கிளியர் கோட் உடைந்த இடத்தில் அது அலுமினியத்தையே அரிக்கும்.

இடது ரிம் அதிலேயே வெள்ளியாகிவிட்டது. வலதில்தான் வேலை. சாலையோரக் கல்லில் உரசிய இடத்திலிருந்து, கிளியர் கோட்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள். ஈரம் உள்ளே புகுந்து அலுமினியம் அரித்திருக்கிறது. பினாங்கின் உப்புக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? இதற்கு மருந்தே கிடையாது, சுரண்டித்தான் ஆக வேண்டும்.

400 நம்பர் உப்புத்தாளில் கோடு மறையும்வரை தேய்த்தேன், அப்புறம் அதைவிட நைசான 800. ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் படி தட்டக் கூடாது. தட்டினால் சாயத்துக்கு மேலும் அது தெரியும். டயரைக் கழற்றவில்லை. டயருக்கும் ரிம்முக்கும் நடுவே பழைய சீட்டுக்கட்டைச் சுற்றிலும் செருகிவிட்டேன், அதுவே மறைப்பு. நட்டு உட்காரும் குழிகளையும் டேப் போட்டு மூடினேன். அங்கே சாயம் ஏறினால் ஓட ஓட அது நசுங்கி நட்டு தளரும்.

முதலில் அலுமினியத்துக்கான பிரைமர் என்ற அடிப்பூச்சு, மெல்லியதாகச் சில கை வெள்ளிச் சாயம், கடைசியில் கெட்டியாக்கி கலந்த 2கே கிளியர் கோட். அந்தக் கிளியரில் மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் இருப்பதால் சாதாரண முகக்கவசம் போதாது, வடிகட்டி வைத்தது வேண்டும். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலத்தில் அடித்தால் ஈரக் காற்றில் சாயம் வெளுத்து மங்கும். தைப்பூசத்தை ஒட்டி இங்கே வெயில் காய்கிறது, வெயில் ஏறிய காலைப் பொழுதே வசதி.

புது வெள்ளி இடது ரிம்மை விட ஒரு சாயல் வெளிறித் தெரிகிறது. இரண்டையும் ஒரே பார்வையில் யார் பார்க்கப் போகிறார்கள், விட்டுவிட்டேன். நட்டுகளைக் கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி இறுக்கியாயிற்று. நடு மூடி ஒன்று காணோம்; பழைய கார் உடைக்கும் கடைகளில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.