பரணிலிருந்து இறங்கிய மூன்று பேர்

போகிக்கு நான்கு நாள் இருக்கும்போது பரணைக் காலி செய்யச் சொல்லி அத்தையிடமிருந்து உத்தரவு வந்தது. கால் ஆடும் குத்துவிளக்கு, ஜாடி இல்லாத ஊறுகாய் ஜாடி மூடி, மகனின் நடைவண்டி, இவற்றுக்கெல்லாம் அடியில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு மூட்டை. அவிழ்த்தால் மூன்று மடிக்கணினிகள். நடுவில் ஒரு பாச்சை உருண்டை. யாரோ அக்கறையாகத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

"பழைய இரும்புக்காரர் போகியன்று வருவார். மூன்றையும் போட்டுவிடு" என்றார் அத்தை.

எனக்கு மனம் வரவில்லை. மூத்தது நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய பத்து அங்குலக் குட்டி. ஆட்டம் என்270 சிப், ஒரே ஒரு ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்). அடுத்தது நாத்தனார் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, கோபுர முத்திரையோடு. கடைசி, வீட்டுக்காரருடையது. அதில் 'ஒய்' விசை மட்டும் இல்லை. மகனுக்கு இரண்டு வயதிருக்கும்போது பிடுங்கினான். விழுங்கிவிட்டானோ என்று இரண்டு நாள் கவனமாகப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை.

மூன்றுக்கும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று அறிவித்தேன். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுபவள். ஆனால் பிரின்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் எடுப்பவள் என்ற ஒரே தகுதியால் வீட்டில் எனக்குக் கணினிப் பொறியாளர் பட்டம் உண்டு. வீட்டுக்காரர் மட்டும், "விண்டோஸ் 7 நன்றாகத்தானே இருந்தது?" என்று முனகினார். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுபோனது. அந்த வருடம் போகியும் அதே நாள்தான். கழித்துக் கட்ட இதைவிடப் பொருத்தமான நாள் மைக்ரோசாஃப்டுக்கே வாய்த்திருக்காது.

உண்மையில் லினக்ஸ் இந்த வீட்டுக்குள் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. நாத்தனாரின் மடிக்கணினியிலேயே விண்டோஸுக்குப் பக்கத்தில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். இயக்கியதும் எதைத் திறக்க என்று கேட்டு இரண்டு வரி வரும், ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ். ஒருநாள்கூட அவள் அந்த இன்னொரு வரிக்குப் போனதில்லை. திண்ணையில் உட்கார்ந்த விருந்தாளியை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

லினக்ஸில் பல வகை உண்டு. அதில் டெபியன் என்பதன், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான திரைச் சூழல் கொண்ட பதிப்பை எதிர்வீட்டுத் தம்பியின் கணினியில் இறக்கினேன். பென்டிரைவ் வேண்டும். சாமி அறை அலமாரியில் ஒன்று கிடந்தது. "இதிலுள்ள எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?" என்று, லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் ரூஃபஸ் என்ற மென்பொருள் கேட்டது. இந்த மாதிரிக் கேள்விகளை நான் படிப்பதில்லை. சம்மதம் என்றுதான் அழுத்துவேன்.

முதலில் குட்டியில் சொருகினேன். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி: இந்தக் கர்னலுக்கு (லினக்ஸின் உட்கரு) 64 பிட் சிப் வேண்டும், இங்கே இருப்பது ஐ686 என்ற பழைய வகை, ஆகவே முடியாது. ஜாதகம் பார்த்து, பொருத்தம் இல்லை என்று கட்டைத் திருப்பிக் கொடுப்பதுபோல அவ்வளவு மரியாதை. குட்டி 32 பிட். அதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

சரி என்று 'ஒய்' இல்லாததில் சொருகினேன். அழகாகத் திறந்தது. மொழி, நேரம், பெயர் எல்லாம் முடிந்து, வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவலாமா என்ற இடத்துக்கு வந்து நின்றேன். அம்புக்குறி பொத்தானின் மேல் இருக்கிறது. கரன்ட் போய்விட்டது. அதன் பேட்டரி செத்து எத்தனையோ வருடம் என்பதால் மடிக்கணினியும் கூடவே போனது. வந்த எரிச்சலில் படுக்கப் போய்விட்டேன்.

காலை ஐந்தரைக்கு வீட்டில் ஏதோ குறைந்தது. பால்காரர் மணி கேட்டது, குக்கர் கேட்டது. பக்திப் பாடல் கேட்கவில்லை. பத்து வருடமாக இந்த வீட்டில் சூரியன் உதிப்பது அந்தப் பாட்டுக்குப் பிறகுதான். எழுந்து போய்ப் பார்த்தேன். அத்தை ஸ்பீக்கரின் முன்னால் நின்று அதைத் தட்டிக்கொண்டிருந்தார். "நீல விளக்கு எரிகிறது, சாமி பாடமாட்டேன் என்கிறது." பென்டிரைவ் அலமாரியில் இல்லாததை அவர் கவனித்ததும், என் கை பின்னால் மறைந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன.

அன்று எனக்குக் கிடைத்த காபியில் சர்க்கரை இல்லை. மறதி என்றுதான் சொன்னார்.

வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்து, "அந்தப் பாட்டெல்லாம் என் பழைய மடிக்கணினியிலிருந்து நான் ஏற்றிக் கொடுத்தவைதானே?" என்றார். எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. முந்தின இரவு ஒரு நொடி பிந்தி கரன்ட் போயிருந்தால் அதுவும் சாம்பல்.

இங்கேதான் லினக்ஸின் ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து அப்படியே ஓடும். உள்ளிருக்கும் வட்டைத் தொடாது. ஆனால் அதைத் திறந்து பார்க்க விடும். விண்டோஸ் கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை என்பதைக்கூட அது பொருட்படுத்தவில்லை. பூட்டிய வீட்டின் கொல்லைப்புறம் வழியாக நுழைவதுபோல டி டிரைவுக்குள் நுழைந்தோம். 'அம்மா பாட்டு' என்ற உறையில் 186 பாடல்கள். கூடவே வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன் எழுதிப் பாதியில் நிறுத்திய கவிதைகள் என்று ஓர் உறை. இரண்டையும் மகனின் பென்டிரைவில் படியெடுத்தேன். இரண்டாவதை அவர் கேட்கவில்லை, நான்தான் பத்திரப்படுத்தினேன்.

பிறகு அழிக்கிற பொத்தானை நிம்மதியாக அழுத்தினேன். அரை மணியில் வேலை முடிந்தது. வைஃபை முரண்டு பிடித்தபோது கைபேசியைக் கேபிளில் கோத்து இணையம் கொடுத்துச் சமாளித்தேன். பாட்டும் படமும் பார்க்க வி.எல்.சி. போடலாம் என்று கட்டளையை அடித்தால், தொடரலாமா என்று கேட்டு, கேள்விக்குறிக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு 'ஒய்', ஒரு சாய்கோடு, ஓர் 'என்'. ஆம் என்றால் 'ஒய்', இல்லை என்றால் 'என்'. இருபத்தாறு எழுத்துகளில் இந்த வீட்டில் இல்லாத ஒன்றே ஒன்றை அது கேட்கிறது! மகனை ஒரு பார்வை பார்த்தேன். இரவு பத்து மணிக்கு வெளிக் கீபோர்டு கேட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். தம்பி வந்து திரையைப் பார்த்தான். "அக்கா, 'ஒய்' பெரிய எழுத்தில் இருக்கிறது பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பதைத்தான் அதுவாகவே எடுத்துக்கொள்ளும். சும்மா என்டர் தட்டுங்கள்." தட்டினேன். போனது. கீபோர்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவன் சிரிக்காமல் போனதற்கு அவன் அம்மாவின் வளர்ப்புதான் காரணம்.

குட்டிக்கு ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் வகையைப் பார்த்தேன். அப்போதும் 32 பிட்டைக் கைவிடாமல் இருந்த சிலரில் அதுவும் ஒன்று. பெரிய திரைச் சூழல் எதையும் ஏற்றாமல் திறக்கிற சன்னல்களை அடுக்கிக் காட்டும் ஐஸ்டபிள்யூஎம் என்ற சன்னல் மேலாளரை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுவதால் ஒரு ஜிபி ராமிலேயே கால் நீட்டி உட்கார்ந்தது. ஆனால் எந்த இணையதளத்துக்குப் போனாலும், தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் செல்லாது என்று மிரட்டல். கடைசியில் பார்த்தால் மூலையில் தேதி 2009 ஜனவரி 1. உள்ளேயிருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் ஆதிகாலத்துக்குப் போய்விடும். இன்றைய சான்றிதழ்களெல்லாம் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. அதன் கணக்குப்படி எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. அவசரப்பட்டுத் திருத்த வேண்டாமே என்று ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவைத்தேன். பிறகு கைக்கடிகாரக் கடையில் சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி ஒன்று வாங்கி வந்து மாற்றினேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இலேசான லினக்ஸ் என்பது பிரவுசரைத் திறக்கும்வரைதான். குட்டியில் யூடியூப் போட்டால் பரதநாட்டியம் பொம்மலாட்டமாகத் தெரிகிறது. ஆனால் பாட்டுக்கு அது தாராளம். 186 பாடல்களையும் அதில் ஏற்றி, இயக்கியதும் தானாகவே பாடும்படி செய்து சாமி அறையில் வைத்தேன். மறுநாள் காபியில் சர்க்கரை திரும்ப வந்தது.

நாத்தனாருடையதில் லுபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையைப் போட்டேன். அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. நல்ல பிள்ளைகளுக்குக் கதை கிடையாது.

போகியன்று பழைய இரும்புக்காரர் தராசோடு வந்தார். முந்தைய வாரமே அத்தையிடம் மூன்றுக்கும் நானூறு ரூபாய் பேசி வைத்திருந்தாராம். "அது இல்லை, பாடுகிறது" என்று அத்தை உள்ளே கையைக் காட்டினார். அவர் வாசலில் நின்றபடியே கொஞ்ச நேரம் கேட்டார். நடைவண்டியையும் ஜாடி மூடியையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

மாட்டுப் பொங்கலன்று மாலை மறுபடியும் வந்தார். கையில் துணிப்பை. அதற்குள் அதே கோபுர முத்திரை. "மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, அக்கா. மூன்று வருடமாகத் திறக்கவில்லை. பாப்பா கல்லூரிக்குப் போகிறாள். அதே மாதிரி போட்டுத் தரமுடியுமா?" பென்டிரைவும் அவரே கொண்டு வந்திருந்தார்.

"மூன்றைக் கழிக்கச் சொன்னேன், நான்காக்கி வைத்திருக்கிறாள்" என்றார் அத்தை, யாரிடமும் இல்லாமல். நான் பென்டிரைவை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினேன்.

"நில்லும்மா" என்றார் அத்தை. பிறகு இரும்புக்காரரைப் பார்த்து, "அதில் உங்கள் வீட்டுப் பாட்டு ஏதாவது இருக்கிறதா என்று நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."