எலும்பு கெட்டியாகத்தான் இருந்தது

போன மாதம் தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் இருக்கிற எங்கள் மருந்துக்கடைக்கு ஒரு அக்கா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஏதோ இலவச முகாமில் குதிகாலை ஒரு மெஷினில் வைக்கச் சொல்லி எலும்பு அடர்த்தி பார்த்திருக்கிறார்கள். இளம் வயது எலும்போடு ஒப்பிட்டால் எவ்வளவு குறைவு என்று காட்டுகிற நம்பர் அது, சீட்டில் மைனஸ் 2.7 என்று எழுதிச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டிருந்தது. "தம்பி, மாத்திரை போட்டா இந்த நம்பர் ஏறிடுமா?" என்று கேட்டார்.

ஏறும் அல்லது ஏறாது என்று ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். கடையில் கூட்டம் வேறு. ஆனால் எனக்கு என் அம்மாவின் எக்ஸ்ரே ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா பிறந்து வளர்ந்தது பென்னாகரம் பக்கம். கிணறு வற்றிப்போன பிறகு ஆழ்துளை போட்டு எடுக்கிற போர் தண்ணீரைத்தான் முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தார்கள். இந்தப் பக்கம் முழுக்கப் பாறை, அந்தப் பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் தேங்கி நிற்கிற தண்ணீரில் புளோரைடு கரைந்துவிடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ போர்கள் அதைத் தாண்டும். இது புதுசாகக் கண்டுபிடித்த விஷயமும் கிடையாது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்த ஷார்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1937-லேயே சென்னை மாகாணத்து ஊர்களில் புளோரைடால் வருகிற எலும்பு நோயைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் வந்தது 2013-ல். நடுவில் எழுபத்தாறு வருஷம்.

அம்மாவுக்கு முதுகு இறுகிப்போய், எக்ஸ்ரே எடுத்த அன்று டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, "எலும்பு எவ்வளவு வெள்ளையா இருக்கு பாருங்க, அடர்த்தி ரொம்ப அதிகம்" என்றார். ஒரு நொடி அதை நல்ல செய்தி என்றே நினைத்துவிட்டேன். அப்புறம்தான் அவர் விளக்கினார், முதுகெலும்பை ஒட்டிய நார்களிலெல்லாம் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகியிருக்கிறது என்று. அம்மாவால் குனிந்து கோலம் போட முடியாது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்து மட்டும் திரும்பாது, முழு உடம்போடு திரும்புவார். அடர்த்தியான எலும்புதான், பார்க்கவும் கெட்டிதான். ஆள்தான் முடங்கிப் போனார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊர்க்காரர்கள் யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிற ஒரு விஷயம் இருக்கிறது. இதே புளோரைடை எலும்பு தேய்மானத்துக்கு மருந்தாகவே கொடுத்திருக்கிறார்கள். எலும்பை உருவாக்குகிற செல்களைப் புளோரைடு தூண்டிவிடும் என்பது உண்மை, அதனால் வயதான பெண்களுக்குக் கொடுத்தால் தேய்ந்த எலும்பு மறுபடி கட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள். பார்க்கப்போனால் நியாயமான யோசனைதான், அடர்த்தி அளந்து பார்த்தால் ஏறவும் செய்தது.

அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரிக்ஸும் அவருடைய குழுவும் இதை ஒழுங்காகச் சோதித்தார்கள். எலும்பு தேய்மானம் வந்த, மாதவிடாய் நின்ற 202 பெண்கள். சீட்டு குலுக்குவது மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு தினமும் 75 மில்லிகிராம் சோடியம் புளோரைடு, இன்னொரு பக்கத்துக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, கால்சியம் மட்டும் இரண்டு பக்கத்துக்கும். நான்கு வருஷம் பார்த்து 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். இடுப்புப் பக்க முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியிருந்தது. முகாம் சீட்டில் அப்படி ஒரு ஏற்றம் தெரிந்தால் எந்த டாக்டரும் சந்தோஷப்படுவார். ஆனால் எலும்பு முறிவை எண்ணினால், முதுகெலும்பில் புதிதாக வந்த முறிவுகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், மற்ற இடங்களில் மருந்து சாப்பிட்டவர்களுக்கு 72, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 24.

35 சதவீதம் அடர்த்தி கூடிய எலும்பு, மூன்று மடங்கு முறிவு! முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் முதுகுதான் கண்முன் நின்றது.

விவாதம் அதோடு முடியவில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். டோஸ் அதிகம், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று சிலர் வாதாடினார்கள். அந்த வாதத்தில் சத்து இருக்கிறது. 75 மில்லிகிராம் சோடியம் புளோரைடில் புளோரைடு மட்டும் சுமார் 34 மில்லிகிராம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருக்கிற போர் தண்ணீரை வெயிலில் வேலை செய்கிறவர் நாலு லிட்டர் குடித்தால்கூட ஒரு நாளைக்கு 12 மில்லிகிராம்தான் உள்ளே போகும். மெதுவாகக் கரைகிற மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்து இன்னொரு அமெரிக்கக் குழு சோதித்தபோது முதுகெலும்பு முறிவு குறைந்ததாக வந்தது. பிறகு பிரான்சில் 354 பெண்களை வைத்துப் பார்த்து 1998-ல் சொன்னார்கள், கால்சியமும் வைட்டமின் டி-யும் மட்டும் சாப்பிட்டவர்களை விடப் புளோரைடு சாப்பிட்டவர்களுக்கு முறிவு குறையவில்லை என்று. அப்படியே அந்த மருந்து ஓரமாகப் போய்விட்டது.

இதைக் கேட்டுவிட்டு, சரி, எலும்பு மருந்து எல்லாமே வீண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அலென்ட்ரோனேட் என்ற மாத்திரையை 1996-ல் வெளியான ஒரு பெரிய சோதனையில், ஏற்கெனவே முதுகெலும்பு முறிவு இருந்த 2,027 பெண்களிடம் மூன்று வருஷம் போலப் பார்த்தார்கள். புதிய முதுகெலும்பு முறிவு வெறும் மாத்திரைப் பக்கம் 15 சதவீதம், மருந்துப் பக்கம் 8. இடுப்பு முறிவு 2.2-லிருந்து 1.1. அங்கே எண்ணியது முறிவை. எனக்கு இந்த மாத்திரை மேல் நம்பிக்கை வந்தது அதனால்தான், அடர்த்தி ஏறியதால் வந்ததில்லை.

அக்காவிடம் அன்றைக்கு நான் சொன்னதும் இதைச் சுருக்கித்தான். குதிகால் மெஷின் ஒரு எச்சரிக்கை மட்டும், இடுப்பிலும் முதுகிலும் எக்ஸ்ரே மூலம் அடர்த்தி அளக்கிற டெக்ஸா ஸ்கேன் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள், டாக்டர் மாத்திரை எழுதினால் "இது எலும்பு உடையறதைக் குறைக்குமா?" என்று கேளுங்கள், நம்பரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். சின்ன வயதில் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொன்னேன். பக்கத்தில் மூட்டு வலித் தைலம் வாங்க நின்றிருந்த பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார். "நம்பர், சோதனை எல்லாம் எதுக்குப்பா? சாப்பிட்டவனுக்கு வலி போச்சா இல்லையான்னு அவனையே கேட்டா தெரிஞ்சிடாதா?" என்றார்.

நல்ல கேள்வி. அவருக்குப் பதிலாக முழங்கால் கதையைச் சொன்னேன். மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலில் துளை போட்டு, கேமரா விட்டு உள்ளே கழுவிச் சுத்தம் செய்கிற ஆபரேஷன் உலகம் பூராவும் நடந்துகொண்டிருந்தது. செய்துகொண்டவர்களைக் கேட்டால் நிறையப் பேர் வலி குறைந்தது என்பார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் மோஸ்லி என்ற டாக்டர் 180 பேரை மூன்றாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குக் கழுவியதோடு சரி, ஒரு குழுவுக்குக் கழுவிச் சுரண்டியும் எடுத்தார், மூன்றாவது குழுவுக்கு மயக்கம் கொடுத்து, தோலில் மட்டும் வெட்டுப் போட்டு, நிஜ ஆபரேஷன் மாதிரி தண்ணீர்ச் சத்தம் எல்லாம் எழுப்பிவிட்டுத் தைத்து அனுப்பினார். இரண்டு வருஷம் பார்த்ததில் வலியில் மூன்று குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. 2002-ல் இது வெளியானது.

ஒன்றும் செய்யாமல் தோலை மட்டும் வெட்டலாமா, இது துரோகம் இல்லையா என்று பெரிய சர்ச்சை. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் சேர்ந்த ஒவ்வொருவரும், எனக்கு வெறும் போலி ஆபரேஷன்தான் கிடைக்கலாம், என் மூட்டுக்கு அதனால் பலன் இருக்காது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தகுதியான 324 பேரில் 144 பேர் வேண்டாம் என்று போய்விட்டார்கள், போனவர்களை யாரும் பிடித்து வைக்கவில்லை. பலன் உண்டா என்று தெரியாமலே லட்சக்கணக்கான முழங்கால்களைத் துளை போட்டது இதைவிடப் பெரிய தவறு என்றுதான் இன்றைக்கு நான் நினைக்கிறேன். ஒரே டாக்டர் செய்தார், சேர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள் என்ற குறை சரியான குறைதான். பிறகு கனடாவில் பெண்களையும் சேர்த்து வேறு விதமாகச் சோதித்து 2008-ல் வந்த முடிவும் அதே பக்கம்தான் நின்றது.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ எனக்கு ஊசி போட்டப்புறம் குறைஞ்சதே, அது?" என்று கேட்டார். மூட்டு வலி தானாகவே ஏறும், இறங்கும், ஏறி நிற்கிற அன்றைக்குத்தான் ஐயா நாம் டாக்டரிடம் ஓடுகிறோம் என்றேன். அவர் ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. தைலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி வீட்டில் இன்னொரு பேச்சு. புளி சாப்பிட்டால் உடம்பில் இருக்கிற புளோரைடு எல்லாம் போய்விடும் என்று அம்மாவுக்கு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். புளிக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறு என்ன இருக்க முடியும்? பொய் என்று நான் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2002-ல் வெளியிட்டது. நல்ல உடம்போடு இருந்த 18 பையன்களுக்கு 18 நாள், தினமும் 10 கிராம் புளி கொடுத்து சிறுநீரைச் சோதித்தார்கள். புளோரைடு கூடுதலாக வெளியேறியது.

அம்மாவிடம் அப்படியே சொன்னேன். சிறுநீரில்தான் அளந்தார்கள், 18 நாள்தான், நோய் இல்லாத பையன்கள் என்று.

அம்மா ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே கேட்டார், "சிறுநீரு கெடக்கட்டும். என்னை மாதிரி யாராச்சும் புளி தின்னு, திரும்ப குனிய முடிஞ்சுதான்னு பாத்தாங்களா?"

அந்த ஆராய்ச்சியில் அதைப் பார்க்கவில்லைம்மா என்றேன்.

"அப்ப அதைப் பாக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.